ஊசி போட்ட பிறகு மீதியைப் படி

மேலக்கரைப்பட்டி,
திருச்சுழி வழி, இராமநாதபுரம் ஜில்லா.
1968, வைகாசி மாதம், வியாழக்கிழமை.

அன்பு மகன் சோலைக்கு உன் ஆத்தா ராக்கம்மாள் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே யாவரும் சுகம், அங்கே உன் சுகத்துக்கு எழுதவும் என்றுதான் எந்தக் கடிதத்தையும் தொடங்குவேன். இந்தத் தடவை அந்த வரிக்குக் கை ஓடவில்லை. நீ சுகம் என்று உன் கையெழுத்தில் வந்த பிறகு இங்கத்திய சுகத்தை எழுதிக்கொள்ளலாம். இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே உனக்கு ஒரு தந்தி வந்திருக்க வேண்டும். அதை அனுப்பியது நான்தான். தந்தி என்றதும் பெட்டியைக் கட்டி ரயில் ஏறிவிட்டாயோ என்று அனுப்பிய நாழிகையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதில் எழுதியிருப்பது இன்றைக்கே டெட்டனஸ் ஊசி போடு என்பது மட்டும்தான். ஊருக்கு வா என்று அதில் இல்லை. நீ வர வேண்டாம், வரவும் கூடாது. திருச்சுழி போஸ்ட்மாஸ்டர், "ஏம்மா, சாவுக்குத் தந்தி அடிப்பாக, பேறுகாலத்துக்கு அடிப்பாக, ஊசி போடச் சொல்லி யாராவது அடிப்பாகளா, ஒரு கார்டு எழுதிப் போடு" என்று மட்டமாகப் பேசினார். கார்டு பம்பாய் போய்ச் சேருவதற்குள் ஒரு உடம்பில் என்னென்ன நடக்கும் என்று அவர் பார்த்ததில்லை, நான் பார்த்திருக்கிறேன். அவர் இங்கிலீஷில் எழுதியதை வாசிக்கச் சொல்லி ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழில் அர்த்தம் கேட்டேன். இன்றைக்கே என்கிற சொல் அதில் இருக்கிறதா என்று இன்னொரு தரமும் கேட்டேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

உன் கடிதத்தை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. முன்பக்கம் முழுவதும் மழையையும் ஆட்டையும் மாரியம்மன் பொங்கலையும் விசாரித்துவிட்டு, கடைசியில் ஒட்டுகிற மடிப்பு ஓரத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில், டின் பட்டறையில் துருப்பிடித்த ஆணி ஒன்று செருப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளங்காலில் ஏறிவிட்டது, சுண்ணாம்பும் சோப்பும் குழைத்து அப்பிக் கட்டினேன், மேலே காய்ந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் வேலை கெடும், பயப்பட வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். பயப்பட வேண்டாத சங்கதியை ஏன் மடிப்புக்குள் இடுக்கி எழுதினாய்? உனக்கே உள்ளுக்குள் பயம் இருந்திருக்கிறது. மேலே காய்ந்துவிட்டது என்கிற அந்தச் சொல்லுக்காகத்தான் நான் ஓடினேன். நான் உன் கடிதத்தையே கையில் எடுத்துக்கொண்டு போய்த் திருச்சுழி ஆஸ்பத்திரி டாக்டரிடம் நீட்டினேன். அவர் படித்துவிட்டுச் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். நாள் கடந்துவிட்டதே என்று விட்டுவிடக் கூடாது, கடிதம் கிடைத்த அன்றே ஊசி போட வேண்டும், மேலே மூடியிருக்கிற புண்ணை டாக்டரே திறந்து உள்ளே கழுவ வேண்டும், சுண்ணாம்பு சாம்பல் எதுவும் இனிமேல் கிட்டே போகக் கூடாது என்றார். தெருமுனையில் பெட்டி வைத்துக்கொண்டு எந்த நோய்க்கும் ஒரே ஊசி குத்துகிற ஆளிடம் போகாதே. சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போய், துருப்பிடித்த ஆணி குத்தியது என்று சொல்லி, டெட்டனஸ் ஊசி என்று பெயரைச் சொல்லிக் கேள். உனக்கு அந்த ஊர்ப் பேச்சு இன்னும் சரியாக வராது என்றால் கூடத் தங்கியிருக்கிறவர்களில் பேசத் தெரிந்தவனைக் கூட்டிக்கொண்டு போ. முதலாளி சம்பளத்தைப் பிடித்தால் பிடிக்கட்டும். இன்னொன்று, இதை இப்போதே செய். மூன்று விரலைச் சேர்த்து வாய்க்குள் வைத்துப் பார். சிரமம் இல்லாமல் போகிறதா? தாடை இறுகினாலோ கழுத்துப் பிடித்தாலோ அடுத்த நிமிஷம் பெரிய ஆஸ்பத்திரியில் நீ இருக்க வேண்டும், காலையில் பார்க்கலாம் என்று படுக்கக் கூடாது.

ஆத்தாவுக்கு எதற்கெடுத்தாலும் பதற்றம் என்று நீ கடிதத்தை மடித்துத் தலையணைக்கடியில் வைத்துவிடுவாய், எனக்குத் தெரியும். அதனால்தான் இங்கே நடந்ததை எழுதுகிறேன். பொங்கல் நல்லபடி நடந்ததா, சின்னய்யா அக்கினிச் சட்டி எடுத்தாரா என்று கேட்டிருந்தாயே, அதற்கும் இதுவே பதில். மூன்று வருஷமாக மழை ஏமாற்றிவிட்டது. கண்மாய்க்குள் ஆடு மேய்கிறது. நம் கிணற்றில் வாளி மோதுகிற சத்தம்தான் கேட்கிறது, தண்ணீர் மொள்ளுகிற சத்தம் கேட்பதில்லை. பருத்தி முளைத்த இடத்திலேயே கருகிவிட்டது, மிளகாயைப் பற்றி நான் பேசவே போவதில்லை. ஊரே கூடி இந்த வருஷம் மாரியம்மனுக்குக் குறைவில்லாமல் செய்வோம் என்று முடிவெடுத்தார்கள். உன் சின்னய்யா சங்கையா அண்ணன் சொல்லாமலே தானாக முன்வந்து, ஊருக்கு மழைக்காகவும் பம்பாயில் இருக்கிற நம் பயலுக்காகவும் இந்தத் தடவை நான் சட்டி எடுக்கிறேன் என்றார். பிள்ளை இல்லாத மனுஷன், உன்னைத் தோளைவிட்டு இறக்காமல் வளர்த்தவர், உனக்காக என்று வேண்டிக்கொண்டதை நான் எப்படி வேண்டாம் என்பேன். வழக்கம்போல உன் அய்யாதான் மஞ்சள் கயிற்றை எடுத்து அவர் கையில் காப்புக் கட்டினார். நம் வீட்டுக்கு உள்ள உரிமை அது, அதில் அவருக்கு இருக்கிற பெருமையும் உனக்குத் தெரியும். காப்புக் கட்டினவன் பொங்கல் முடிகிற வரைக்கும் காலில் செருப்புப் போடுவதில்லை, ஊர் எல்லையைத் தாண்டுவதில்லை. அந்த இரண்டும் சேர்ந்துதான் அவரைப் பிடித்துக்கொண்டன.

காப்புக் கட்டிய மறுநாள் காலையில் ஆட்டுக்கிடையை மாற்றப் போனவர் வெறுங்காலோடு எருவுக்குள் மிதித்திருக்கிறார். உள்ளே ஒரு பழைய கலப்பைக் கொழு உடைந்து புதைந்து கிடந்திருக்கிறது. அந்த இரும்பு முனை பெருவிரலுக்குக் கீழே ஏறிவிட்டது. ஒழுங்காக ரத்தம்கூட வரவில்லை, ஒரு சொட்டு வந்து நின்றுவிட்டது. நொண்டிக்கொண்டே வந்து நம் வாசலில் நின்று, "மதினி, என் காலு எருமைத் தோலு, கொழுவுக்குத்தான் காயம் பட்டிருக்கும், அதுக்கு ஏதாச்சும் மருந்து போடு" என்று சிரிக்கிறார். நான் அந்த நிமிஷமே சொன்னேன், வண்டியைப் பூட்டுங்கள், திருச்சுழிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வெயில் ஏறுவதற்குள் வந்துவிடலாம் என்று. நரிக்குடி யூனியன் ஆபீஸ் சுவரில் இரும்பு குத்தினால், முள் குத்தினால், சாணி மண்ணில் காயம் பட்டால் உடனே ரண ஜன்னிக்குத் தடுப்பு ஊசி போட்டுக்கொள்ளவும் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. விதைக்கு வரிசையில் நின்ற நேரத்தில் அதை முழுவதும் நான் எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறேன். அந்த ரண ஜன்னியைத்தான் டாக்டர்கள் டெட்டனஸ் என்கிறார்கள். பருத்தித் தாட்டு மூட்டைகளில் அச்சடித்த எழுத்தையும் பஸ் பலகையையும் பார்த்து நானாகக் கற்றுக்கொண்ட படிப்புதான் என்றாலும், எழுதியிருப்பது எழுதியிருப்பதுதானே. உன் அய்யா மூன்றாம் வகுப்பு வரை பள்ளிக்கூடம் போனவர், அதனால் என் படிப்பு அவருக்கு எப்போதும் இளக்காரம். "செவுத்தைப் படிச்சு டாக்டரம்மா ஆயிட்டா" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். காப்புக் கட்டினவன் எல்லை தாண்டினால் வருகிற மழையும் எல்லையோடு நின்றுவிடும் என்றார். கோயில் திருநீற்றை அள்ளிக் குத்திய வாயில் வைத்து அழுத்தி வேப்பெண்ணெய் விட்டுத் துணியால் கட்டினார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அதை எழுதிவிடுகிறேன். ஆனால் சாணியைச் சுட்ட சாம்பலை இரும்பு குத்திய துளைக்குள் அடைத்தார் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

நான் சும்மா இருக்கவில்லை. ஆள் வரமுடியாவிட்டால் ஊசியைக் கொண்டுவந்துவிடுவோம் என்று நானே திருச்சுழிக்கு நடந்தேன். எனக்கு யாரும் காப்புக் கட்டவில்லையே. அங்கே கம்பவுண்டர், "ஊசி என்ன உளுந்தவடையா, பொட்டலம் கட்டித் தாரதுக்கு? ஆளைக் கூட்டிட்டு வாங்கம்மா, மொதல்ல கொஞ்சமாப் போட்டு உடம்புக்கு ஒத்துக்கிருதான்னு பாத்துட்டுத்தான் முழுசும் போடணும்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. திரும்பி வந்து சின்னய்யாவின் காலில் விழாத குறையாகக் கேட்டேன். அவரே, "மதினி, ஊரு என்னை நம்பித்தான் காப்புக் கட்டியிருக்கு, பொங்கல் முடிஞ்ச மறு நிமிசம் நீ எங்க கூப்பிட்டாலும் வாரேன்" என்று சொல்லிவிட்டார். உன் சின்னாத்தா முத்துத்தாயும், புண் மேலே காய்ந்துவிட்டது அக்கா, நடக்கிறாரே, எதற்கு ஊரைப் பகைக்க வேண்டும் என்றாள். இப்போது தெரிகிறதா, உன் கடிதத்தில் அதே சொல்லைப் பார்த்ததும் நான் ஏன் ஓடினேன் என்று. மேலே காய்ந்ததால்தான் எல்லாரும் நம்பினார்கள். சீழ் வைத்து நாறியிருந்தால் உன் அய்யாவே வண்டி பூட்டியிருப்பார்.

பொங்கலுக்கு முந்தின நாள் கஞ்சி குடிக்க உட்கார்ந்தவர் கும்பாவை வாயருகே கொண்டுபோய்க் கீழே வைத்துவிட்டார். "மதினி, வாய்க்கதவு துருப்பிடிச்சிருச்சு, கொஞ்சம் எண்ணெய் போடு" என்றார். பல்லைக் கடித்தபடிதான் அந்தப் பேச்சும் வந்தது. கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்த்துத் திரும்பினார். விரதம் இருக்கிற களைப்பு என்றாள் முத்துத்தாய். மாரியம்மன் அவன் வாயைக் கட்டுகிறாள், பேச்சைக் குறைத்துத் தன்னை நினைக்கச் சொல்கிறாள் என்றார் உன் அய்யா. கேட்டவர்கள் எல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் ஒருத்தி மட்டும் இது சாமி இல்லை, ஜன்னி என்று சொன்னேன். பொங்கல் நேரத்தில் நாக்கை அடக்கு என்று பெண்டுகளே என் வாயை மூடினார்கள்.

மறுநாள் உச்சிப்பொழுதில் கோயில் வாசலில் சட்டியில் தீ வளர்த்துவிட்டுக் கொட்டுக்காரர்களை அடிக்கச் சொன்னார்கள். முதல் அடி விழுந்ததும் சின்னய்யாவின் உடம்பு விறைத்துப் பின்பக்கமாக வில் மாதிரி வளைந்தது. தலையும் குதிகாலும் தரையில், நடு உடம்பு அந்தரத்தில். உதடு இழுத்துக்கொண்டு சிரிக்கிற மாதிரி பல் தெரிகிறது. மாரி இறங்கிவிட்டாள், மூன்று வருஷத்துக்குப் பிறகு நம் ஊருக்கு இறங்கிவிட்டாள் என்று கூட்டம் குலவை போடுகிறது, மஞ்சள் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றுகிறார்கள், மழை எப்போது வரும் தாயே என்று காதருகே கத்திக் கேட்கிறார்கள். கொட்டு நின்றால் உடம்பு கொஞ்சம் தளர்கிறது, மறுபடி அடித்தால் மறுபடி வளைகிறது. அதைப் பார்த்து, கொட்டுக்குச் சாமி நன்றாக ஆடுகிறது என்று இன்னும் ஓங்கி அடிக்கச் சொல்கிறார்கள். சோலை, நான் எத்தனையோ சாமியாட்டம் பார்த்தவள். சாமி வந்தவர் கண்ணில் அந்த ஆள் இருக்கமாட்டார். இவர் கண்ணில் உன் சின்னய்யா இருந்தார். எல்லாம் தெரிந்து, எல்லாம் கேட்டுக்கொண்டு, வாயைத் திறக்க முடியாமல் என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே போய், கிடாய்க்கு வைத்திருந்த அரிவாளை எடுத்து, அவர் கையில் இருந்த காப்பை அறுத்துப் போட்டேன். கொட்டை நிறுத்துங்கள் என்று நான் போட்ட சத்தத்தில் என் தொண்டை இன்றைக்கும் சரியாகவில்லை. "ஊரு குடியைக் கெடுக்க வந்தவளே" என்று ஒருத்தன் என் மயிரைப் பிடித்தான். அவன் பெயரை எழுதமாட்டேன், மறக்கவும் மாட்டேன். உன் அய்யா என்னை அடிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. முத்துத்தாய்தான் ஓடிவந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "அக்கா, வண்டி, வண்டி" என்றாள்.

வைக்கோலைப் பரப்பி வண்டியில் போட்டு ரோட்டுக்குக் கொண்டுபோனோம். பஞ்சு ஏற்றிக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் போகிற லாரி ஒன்று வந்தது, காளிராஜ் என்று பந்தல்குடிக்காரர் ஓட்டுகிறார். நான் ரோட்டின் நடுவில் நின்றேன். அவர் இறங்கி வந்து பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்கவில்லை, "லோடை எறக்க நேரமில்லத்தா, தாட்டு மேலயே ஏத்துங்க, பஞ்சுதானே, மெத்தை மாதிரி இருக்கும்" என்றார். அவர் ஹாரன் அடித்ததும் சின்னய்யா மறுபடி வில்லாக வளைந்தார். அதைச் சொன்ன பிறகு அந்த மனுஷன் டவுனுக்குள்ளேகூட ஹாரனைத் தொடவில்லை, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கையை ஆட்டி ஆட்டி ஆட்களை விலக்கிக்கொண்டே ஓட்டினார். யார் பெற்ற பிள்ளையோ, அவருக்கு ஒரு குறையும் வரக் கூடாது. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டர் காலைப் பிடித்து அந்தக் காய்ந்த மேல்பொருக்கை எடுத்தார். மேலே காசு அளவு பொருக்கு, அதற்குக் கீழே விரல் போகிற பள்ளம், உள்ளே கறுப்பாகச் சாம்பல் சேறு. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். குத்திய அன்றைக்கே வந்திருந்தால் சுத்தமாகக் கழுவி ஊசி போட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு அனுப்பியிருப்பேன் அம்மா என்று மெதுவாகச் சொன்னார். உடனே வேனில் ஏற்றி மதுரைக்கு அனுப்பினார்.

மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் இந்த நோய்க்கென்று தனி அறை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, வெளிச்சம் கூடாது, சத்தம் கூடாது, தொடுவதுகூடக் கேட்டுத்தான் தொட வேண்டும். ஒரு தம்ளர் கீழே விழுந்தால் அந்த உடம்பு துள்ளுகிறது. வளையல் சத்தத்துக்கும் இழுக்கிறது, கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று நர்ஸம்மா சொன்னதும் முத்துத்தாய் இரண்டு கையையும் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். "புருசன் உசுரோட இருக்கையில நான் எப்படிக்கா கழட்டுவேன்" என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். அவர் பிழைக்கத்தான் கழற்றச் சொல்கிறார்கள் என்று சொல்லி, ஒவ்வொரு கண்ணாடி வளையலாக நான்தான் கழற்றி என் முந்தானையில் முடிந்துகொண்டேன். காலில் கிடந்த மெட்டியையும் கழற்றினேன். பிறகு அவள் பூனை மாதிரி உள்ளே போய் அவர் பக்கத்தில் நின்றாள். அவர் கண்ணை மட்டும் திருப்பி அவளுடைய வெறுங்கையைப் பார்த்தார். அதை நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன்.

சோலை, இந்த இடத்தில் நிறுத்து. இதற்கு மேல் இப்போது படிக்காதே. கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வை. இந்தக் கடிதத்தில் அடுத்து என்ன எழுதியிருந்தாலும் அது ஓடிப்போகாது, உன் காலில் இருப்பது ஒருவேளை ஓடிக்கொண்டிருக்கும். எழுந்து போய் ஊசி போட்டுக்கொண்டு வந்து மீதியைப் படி.

போட்டுவிட்டாயா? எந்தக் கையில் போட்டார்கள்? புண்ணைத் திறந்து கழுவினார்களா? போடாமலே படித்துக்கொண்டு வருகிறாய் என்றால் இப்போதாவது மடித்து வை. என்மேல் ஆணை என்று எழுதப்போவதில்லை, ஆணைக்குப் பயப்படுகிற பிள்ளையாக நான் உன்னைப் பெறவில்லை. பயத்தைச் சொன்னால் புரிந்துகொள்ளுவாய் என்றுதான் இத்தனையும் எழுதினேன்.

சின்னய்யா தவறிவிட்டாரப்பா. டாக்டர்கள் ஒரு குறையும் வைக்கவில்லை, பிந்திவிட்டது, அவ்வளவுதான். கடைசிவரை நினைவு இருந்தது. உன் பெயரைச் சொல்ல முயற்சி செய்தார் என்று முத்துத்தாய் சொல்கிறாள், நான் அந்த நேரம் வெளியே இருந்தேன், பார்க்காததை நான் எழுதமாட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினபோது கதவு நிலையில் உன் கடிதம் செருகியிருந்தது. வாசலில் அவரைக் கிடத்தியிருக்கிறது, நான் உள்ளே விளக்கு மாடத்தடியில் நின்று உன் மடிப்பு ஓரத்தைப் படிக்கிறேன். வெளியே பங்காளிகள் கூடி, பிள்ளை இல்லாதவனுக்குச் சோலைதான் கொள்ளிக்கு உரியவன், உடனே புறப்படு என்று தந்தி கொடுங்கள், அவன் வருகிற வரைக்கும் ஐஸ் வைத்துக் காப்பாற்றலாம் என்று பேசி முடித்து ஆளையும் கிளப்பிவிட்டார்கள். நான் வெளியே வந்து அந்த ஆளை மறித்து நின்றேன். தந்தியைப் பார்த்தால் அவன் ஊசியையும் மறப்பான், சோற்றையும் மறப்பான், புண்காலோடு ரயில் ஏறிவிடுவான், இரண்டு நாள் ரயிலில் வாய் இறுகினால் எந்த ஸ்டேஷனில் எந்த டாக்டரைத் தேடுவான், அனுப்பக் கூடாது என்றேன். பெற்றவளா நீ, வளர்த்தவருக்குச் செய்ய வேண்டிய கடனைத் தடுக்கிறாயே என்றார்கள். காப்பை அறுத்தவள் இதையும் அறுப்பாள் என்றார்கள். எனக்கு முத்துத்தாயை நினைத்துத்தான் பயம். கேட்க உரிமையுள்ளவள் அவள் ஒருத்தி. அவள் பிணத்தின் தலைமாட்டிலிருந்து எழுந்து வந்து என் கையிலிருந்த கடிதத்தை வாங்கி, படிக்கத் தெரியாதவள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எந்த இடம் என்று கேட்டாள். காட்டினேன். அந்த ஓரத்தில் விரலை வைத்துக்கொண்டே கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள், "என் புருசனுக்குக் கொள்ளி வைக்க ஓடியாந்து எம்புள்ள வழியில விழுந்துறப்படாது. தந்தி வேணாம். அவன் மொதல்ல ஊசி போடட்டும்."

பிறகு கொள்ளி வைக்கிறவர் தோளில் எடுக்கிற நீர்க்குடத்தை யார் எடுப்பது என்று கேள்வி வந்தது. மூத்தவன் இளையவனுக்கு எடுப்பது நம் பக்கத்தில் வழக்கம் இல்லை. காப்பு அறுந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் இருந்த உன் அய்யா, தலையை மழித்துக்கொண்டு வந்து குனிந்து குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டார். அதற்காக நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. சோறு போடுகிறேன், முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் கேட்கவில்லை. ஆனால் உனக்குத் தந்தி கொடுக்க நான் திருச்சுழிக்குக் கிளம்பினபோது வண்டியைப் பூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். போகிற வழியெல்லாம் இரண்டு பேரும் மாட்டைப் பார்த்துக்கொண்டே போனோம்.

இன்னும் மழை இல்லை. நான் காப்பை அறுத்ததுதான் காரணம் என்று கிணற்றடியில் என் காதில் விழும்படி பேசுகிறார்கள். எனக்கும் பயம் இல்லாமல் இல்லை, உன்னிடம் சொல்வதற்கென்ன. சங்கையா உனக்காகவும் வேண்டிக்கொண்டு கட்டிய காப்பு அது. அதை அறுத்த கை என் கை. உன் கடிதத்தைப் படித்த நேரத்திலிருந்து அந்த நினைப்பு என்னை விட்டுப் போகவில்லை. அம்மன் கோயில் வாசலில் நின்று, அறுத்தது நான், கேட்க வேண்டியதை என்னிடம் கேள், பம்பாய்ப் பக்கம் போகாதே என்று சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறேன். அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன், நீ டாக்டரிடம் பேசு. இன்னொரு தடவை அப்படி ஒரு கண் என்னைப் பார்த்தால் அப்போதும் அறுப்பேன்.

பதினாறாம் நாள் காரியத்தை உன் பதில் வருகிற வரைக்கும் தள்ளி வைத்திருக்கிறது, உன் அய்யாவே ஊரில் சொல்லிவிட்டார். டாக்டர் போகலாம் என்று சொன்ன பிறகு நீ வந்து உன் சின்னய்யாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய். அதற்கு முன்னால் வராதே. பதில் வராவிட்டால் நானே பம்பாய் ரயில் ஏறுவேன், மதுரையைத் தாண்டாதவள் என்று யோசிக்கமாட்டேன். செருப்பில்லாமல் பட்டறைக்குள் நடக்காதே, பழைய செருப்பைத் தூக்கிப்போட்டுவிட்டுக் கனத்த அடி உள்ளதாக வாங்கு. வேளைக்குச் சாப்பிடு. மாரியம்மனும் உன் சின்னய்யாவும் உன் காலடியைக் காக்கட்டும், நீ நூறு வயசு நடக்க வேண்டும்.

முத்துத்தாய் என்னோடு அதிகம் பேசுவதில்லை. "நீதானக்கா என் வளையலை மொதல்ல கழட்டுன" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்த வளையல்கள் இன்னும் என் பெட்டியில் முடிச்சோடு இருக்கின்றன, திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. ஆனால் தபால்காரர் தெருவில் திரும்பினால் அவள்தான் எனக்கு முன்னால் வாசலுக்கு வருகிறாள். அவர் தாண்டிப் போன பிறகு என் பக்கம் திரும்பி, "வந்துச்சா" என்று கேட்கிறாள். பக்கத்தில் நின்று பார்த்தவள்தான், இருந்தாலும் கேட்கிறாள். அவளுக்கு நான் ஒரு நாள் வந்தது என்று சொல்ல வேண்டும். நீண்ட கடிதம் வேண்டாம். ஊசி போட்டேன், வாய் நன்றாகத் திறக்கிறது என்று ஒரு வரி, கார்டின் நடுவில், மடிப்பு ஓரத்தில் இல்லாமல், பெரிய எழுத்தில் எழுதிப் போடு.

இப்படிக்கு,
உன் வரிக்காக வாசலில் நிற்கும் ஆத்தா
ராக்கம்மாள்